உங்களுக்குத் தெரியுமா? ரிசார்ட்டே இல்லாத பவளத்திட்டு

பிலிப்பைன்ஸின் துப்பதாஹாவில் ஸ்கூபா டைவிங் செய்ய ஆசையா? ரிசார்ட் தேடாதீர்கள், அங்கே ஒன்றுகூடக் கிடையாது. படகிலேயே உண்டு, உறங்கித்தான் கடலுக்குள் இறங்க வேண்டும்.

• புவெர்ட்டோ பிரின்செசா துறைமுகத்திலிருந்து சுமார் 150 கி.மீ. மாலையில் கிளம்பினால், கண் விழிக்கும்போது சுலு கடலின் நடுவில் இருப்பீர்கள்.

• மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரைதான் பயணம். மற்ற மாதங்களில் கடல் கொந்தளிப்பு. அப்போதும் அங்கே இருப்பவர்கள் ரோந்துக் காவலர்கள் மட்டுமே.

• 100 மீட்டர் செங்குத்தான பவளச் சுவர். கை நீட்டும் தூரத்தில் கடல் விசிறிகள், காலுக்குக் கீழே வெறும் கருநீலம்! இதற்காகவே ஓரிரு நாள் குமட்டலைப் பொறுத்துக்கொள்ளலாம். 1993 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம்.

• பல முறை மூழ்கியவர்கள் விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது தரையில் இருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே கணக்கில் வையுங்கள்.