சைலன்ஸர் அலறினால் தொட்டில் அதிருமே!

எங்கள் ஓசூர் மோட்டார் வண்டியால் வளர்ந்த ஊர். டி.வி.எஸ். மொபெட்டும் அசோக் லேலண்டு லாரியும் 1980-களிலிருந்து இங்கே தயாராகி வருகின்றன. தெருவுக்கு நாலு பேராவது சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள். ஆகவே, வண்டிச் சத்தம் என்றாலே முகம் சுளிக்கிற ஜனங்கள் அல்ல நாங்கள்.

ஆனாலும் இப்போது ஒரு புது உபத்திரவம். கம்பெனியிலிருந்து சாதுவாக வெளியே வந்த காரை மெக்கானிக்கிடம் விட்டு, சைலன்ஸரைக் கழற்றி வேறு குழாய் மாட்டி, புலி உறுமுவது போல அலற விடுகிறார்கள். பெங்களூர் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே பிறக்கும் நாகரிகம் ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி வர எத்தனை நாளாகும்?

"வண்டி சமாசாரம் ஆம்பளைங்க விஷயம், நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே. இதில் நம் வீட்டுப் பணமும் இருக்கிறது, நம் குழந்தையின் தூக்கமும் இருக்கிறது.

சைலன்ஸர் என்ன செய்கிறது?

குக்கரில் ஆவி நிறைந்திருக்கும்போது வெயிட்டை லேசாகத் தூக்கினால் எப்படிச் சீறுகிறது! என்ஜினும் அப்படித்தான். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் என்ஜினில், ஒரு நிமிடத்தில் 6000 முறை பெட்ரோல் எரிந்து, சூடான புகை அழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. சைலன்ஸருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் அந்த வேகத்தை அடக்கி, சத்தத்தை அமுக்கி அனுப்புகின்றன. 1897-லேயே அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள்.

அதை எடுத்துவிட்டால் "பிக்கப் ஜாஸ்தியாகும்" என்பார்கள் பிள்ளைகள். வெறும் குழாயை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் கூடுவது சத்தம்தான். வேகம் கூடினாற் போலத் தோன்றுவது காது செய்கிற மாயம்.

சிலர் அதோடு நிற்பதில்லை. புகையிலுள்ள விஷ வாயுக்களை மாற்றும் கேட்டலிடிக் கன்வர்ட்டரையும் கழற்றி விடுகிறார்கள். அப்புறம் கார்பன் மோனாக்ஸைடு அதிகமாக வெளியேறும். மாட்டிய குழாயில் கசிவு இருந்தால் அது வண்டிக்குள்ளும் வரலாம். நிறமோ மணமோ இல்லாத வாயு அது. பின் சீட்டில் குழந்தை தூங்குகிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்று எப்படித் தெரியும்?

காதுக்கு என்ன கேடு?

எதிர் வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள். "அக்கா, ராத்திரி பதினோரு மணிக்கு அந்தக் கார் போனா இவன் தூக்கிவாரிப் போட்டு அழறான். மறுபடி தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆகுது. அவரு நைட் ஷிப்டு முடிச்சுப் பகல்ல படுத்தாலும் இதே கூத்துதான்" என்றாள்.

ஒரு தடவை கார் போனதால் குழந்தைக்குக் காது கேட்காமல் போய்விடாது, பயப்பட வேண்டாம். ஆனால் தூக்கம் கெட்டால் பாலூட்டும் தாய்க்கும் சேய்க்கும் அசதிதான். பெரிய கேடு அந்த வண்டியை ஓட்டுகிறவனுக்கே. 85 டெசிபெல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்றால், 100 டெசிபெல்லை 15 நிமிடம்தான் தாங்கலாம் என்பது நிபுணர்கள் கணக்கு. உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய முடிச் செல்கள் ஒரு முறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் சைலன்ஸர் இருக்க வேண்டும் என்கிறது 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-வது விதி. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரைச்சல் வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் ரத்தும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பையன் ஓட்டிப் பிடிபட்டாலோ, பெற்றவர்களே 25,000 ரூபாயும் சிறைத் தண்டனையும் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

விசாகப்பட்டினத்தில் இப்படிப் பறிமுதல் செய்த சைலன்ஸர்களை ரோட்டில் வரிசையாக வைத்து ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள் போலீஸார். பாரிஸ் நகரத்தில் 2022-லிருந்து, சத்தம் போடும் வண்டியைக் கண்டுபிடிக்கும் கருவியையே தெருவில் வைத்துப் பரிசோதிக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

பழைய கார் வாங்கும்போது, கம்பெனி சைலன்ஸர்தானா என்று தெரிந்த மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றம் செய்த வண்டி விபத்துக்குள்ளானால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதிலும் சிக்கல் வரலாம்.

தெருப் பக்க ஜன்னலை ஒட்டித் தொட்டில் கட்டாதீர்கள். உள் அறைக்கு மாற்றுங்கள். குழந்தையின் காதில் பஞ்சு திணிக்கவே கூடாது. பெரிய சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிடாமல் இருந்தால், "நல்ல பிள்ளை, அசையாம தூங்குது" என்று சந்தோஷப்படாமல் டாக்டரிடம் காட்டிக் காதைப் பரிசோதியுங்கள்.

வீட்டில் பையன் அடம் பிடிக்கிறானா? திட்டினால் கேட்க மாட்டான். அவனைத் தாத்தா படுத்திருக்கும் அறையில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். அவன் சிநேகிதனை விட்டு அதே வண்டியை வாசலில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓட்டுகிறவனுக்குச் சங்கீதமாக இருப்பது, படுத்திருக்கிறவருக்கு எப்படி இருக்கிறது என்று அவனே பார்க்கட்டும்.

இன்னொன்று: ஏற்கெனவே மாற்றிவிட்டான் என்றால், கழற்றிய சைலன்ஸரைக் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். புத்தி வந்து திரும்ப மாட்டும்போது புதிதாக வாங்கும் செலவு மிச்சம்!