கதையாடலும் நிலமதிப்பும்: பெரும்பாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொத்தின் விலையை வரவும் செலவும் மட்டும் முடிவுசெய்வதில்லை. மக்களிடையே பரவும் கதையாடல்களும் முடிவுசெய்கின்றன. சென்னையின் தென்புறநகரான பெரும்பாக்கத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கதையாடல் பொருளியல், நிலமதிப்பு, பெரும்பாக்கம், சதுப்புநிலம்.

முன்னுரை

நிலத்தின் விலை அதன் வருங்காலப் பயன் குறித்த எதிர்பார்ப்பைச் சார்ந்தது. வருங்காலம் கண்ணுக்குப் புலப்படாதது ஆதலின், அவ்விடத்தைக் கதை நிரப்புகிறது. 2013இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவரான ராபர்ட் ஷில்லர், 2019இல் வெளியிட்ட நூலில், பொருளியல் கதைகள் தொற்றுநோய் போலப் பரவி, உச்சமடைந்து, மறதியால் தணிகின்றன என்று விளக்கினார். முதலீட்டாளர் தம் கணிப்பைவிடப் பிறர் கணிப்பையே கணிக்க முயல்கின்றனர் என்பதை 1936இலேயே கெய்ன்ஸ் அழகுப்போட்டி உவமையால் உணர்த்தினார்.

மூன்று கதையாடல்கள்

பெரும்பாக்கத்தில் மூன்று கதைகள் ஒருங்கே வழங்குகின்றன. முதலாவது வளர்ச்சிக் கதை. சோழிங்கநல்லூர் தகவல் தொழில்நுட்ப வளாகங்களின் அண்மையும், மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடமும் இதற்கு அடிப்படை. இரண்டாவது வெள்ளக் கதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதி நீரில் சூழப்பட்டது. மூன்றாவது இழிவுக் கதை. கூவம் முதலிய ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் இங்குள்ள அரசு அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டன. அம்மக்களைக் குறித்த முன்முடிவு, அவர்கள் வேலை தேடும்போதும் முகவரியோடு தொடர்கிறது.

கதை விலையாகும் முறை

வளர்ச்சிக் கதையை நம்பி ஒருவர் கூடுதல் விலைக்கு மனை வாங்குகிறார். அடுத்த மனைக்கு அவ்விலையே ஒப்பீடாகிறது. வங்கியின் மதிப்பீட்டாளரும் அண்மை விற்பனைகளை நோக்குவதால் கடன்தொகை உயர்கிறது. உயர்ந்த கடன் மேலும் விலையேற்றத்தைத் தாங்குகிறது. இவ்வாறு நம்பிக்கை தனக்குத் தானே சான்றாகிவிடுகிறது. அரசின் வழிகாட்டி மதிப்பும் இயற்கை அளவன்று. 2017 ஜூனில் தமிழக அரசு அதனை 33 விழுக்காடு குறைத்தபோது மண் மாறவில்லை. அதன்மீதிருந்த எண்ணே மாறியது.

ஆயினும் கதை என்பது பொய் என்று பொருளன்று. மெட்ரோ பணி உண்மை, வெள்ளமும் உண்மை. எந்த உண்மை எவ்வளவு காலம் நினைவில் நிற்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது.

மறதியின் விலை

விளம்பரங்கள் தொலைவை நிமிடங்களால் அளக்கின்றன. தரைமட்டத்தின் உயரத்தைப் பெரும்பாலும் கூறுவதில்லை. 'பாக்கம்' என்னும் சொல்லை அகராதிகள் நெய்தல் நிலத்து ஊரோடு இணைக்கின்றன. அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஊர்ப்பெயரும் நிலமும் நீரை நினைவூட்ட, சந்தையோ அடுத்த கோடையிலேயே அதனை மறக்கத் தலைப்படுகிறது. அம்மறதியின் சுமை விற்றவரைச் சேர்வதில்லை. நீண்டகாலத் தவணை செலுத்துபவரையே சேர்கிறது. இழிவுக் கதையின் சுமையோ, அதனை உருவாக்குவதில் எவ்விதப் பங்குமற்ற, விற்பதற்கு மனையும் இல்லாத குடும்பங்களின்மேல் விழுகிறது.

முடிவுரை

சொத்து மதிப்பை ஆராய்வோர் பதிவுத்துறை ஆவணங்களோடு விளம்பரங்கள், நாளிதழ்ச் செய்திகள், குடியிருப்போர் வாய்மொழி ஆகியவற்றையும் கால வரிசையில் ஒப்பிடுதல் வேண்டும். எக்கதை எப்பொழுது எழுந்தது, யாரால் பரப்பப்பட்டது, எதனை மறைத்தது என்னும் மூன்று வினாக்களும் அவ்வாய்வுக்கு வழிகாட்டும். உரைகளையும் வழக்காறுகளையும் நுணுகிக் கற்ற தமிழ் ஆய்வாளர்க்கு இப்பணியில் உரிய இடம் உண்டு.