முதுகைப் பார்த்து மரம் வாங்குங்க!

ராபின் ஹூட் படம் பார்த்துவிட்டு 'நாமே ஒரு வில் செய்தால் என்ன?' என்று கிளம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுடைய அடுத்த கேள்வி: 'யூ மரம் எங்கே சார் கிடைக்கும்?'

கேள்வியில் தப்பில்லை. ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் இங்கிலீஷ் லாங்போவுக்கு யூதான் பேர்போன மரம். 1545-ல் மூழ்கி, 1982-ல் தூக்கப்பட்ட 'மேரி ரோஸ்' போர்க்கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட வில்களும் யூ மரத்தில் செய்தவைதான்.

அதில் அப்படி என்ன விசேஷம்? வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. எய்கிறவரைப் பார்ப்பது வயிறு. எதிரியைப் பார்ப்பது முதுகு. (மானேஜர் வந்தால் நாமும் முதுகைத்தான் காட்டுகிறோம், அதை விடுங்கள்.) நாணை இழுத்தால் முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. யூ மரத்தில் பட்டைக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பகுதி இழுவையைத் தாங்கும். உள்ளே இருக்கும் வைரம் நசுக்கலைத் தாங்கும். ரெண்டு டிபார்ட்மெண்ட்டும் ஒரே கட்டையில், சண்டை சச்சரவு இல்லாமல்!

ஆனாலும் முதல் வில்லுக்கு யூ வேண்டாம் என்பது என் கட்சி. நேரான யூ கட்டைக்கு இங்கிலாந்திலேயே அந்தக் காலத்தில் தட்டுப்பாடு. இறக்குமதியாகும் ஒவ்வொரு டன் சரக்கோடும் நாலு வில் கட்டை கொண்டு வா என்று 1472-ல் சட்டமே போட்டார்கள். போதாததற்கு மரம் விஷம். இழைக்கும் தூள்கூட ஆகாது. பி.காம். மூளைக்கு இது சிம்பிள் கணக்கு: கற்றுக்கொள்கிற நஷ்டத்தை மலிவான கட்டையில் எழுதுங்கள்.

அந்த மலிவான கட்டை, அமெரிக்காவில் கோடாரிக் காம்பு செய்கிற ஹிக்கரி. முதுகு இரும்பு, வயிறு மட்டும் சுமார். அதனால் வில்லை உருண்டையாக இழைக்காமல் அகலமாக, தட்டையாக விட்டால் பிழைத்துக்கொள்ளும். அது கிடைக்காவிட்டால் ஆஷ், எல்ம்.

மரத்தின் ஜாதியைவிட முக்கியம், ரேகை. ஆறடிப் பலகையை எடுத்து, ஒரு ரேகை மேல் விரலை வைத்துக் கடைசி வரை ஓட்டுங்கள். நடுவில் ஓரத்துக்கு நழுவி வெளியே போகிறதா? வைத்துவிடுங்கள். ஒடிந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஒடியும், அதுவும் முழுசாக இழுத்திருக்கும்போது. அப்போது உங்கள் முகம் ரொம்பப் பக்கத்தில் இருக்கும்! முகப்பில் நேராக இருந்தால் மட்டும் போதாது, பக்கவாட்டிலும் பாருங்கள். முடிச்சு இருந்தாலும் வேண்டாம். நிறம், பளபளப்பு எல்லாம் சோபாவுக்கு.

பலகைக்குப் பதில் பச்சை மரத்தை வெட்டினால், ரெண்டு முனைக்கும் கோந்து பூசி நிழலில் போடுங்கள். பூசாவிட்டால் காயும்போது வெடிக்கும். ஒரு வருஷமாவது பொறுக்கணும். பிறகு பட்டையை உரித்து, ஒரே ஒரு வளர்ச்சி வளையம் தலையிலிருந்து கால் வரை அறுபடாமல் முதுகாக நிற்கிற மாதிரி செதுக்கணும். முதல் தடவைக்கு இது கொஞ்சம் ஓவர்.

லண்டனோ சிகாகோவோ, மரக்கடையில் ஒரு அடுக்கு முழுக்கப் புரட்டினால் ஒரு பலகை தேறலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். நாண் ஏற்றும்போது பக்கத்தில் நிற்கப்போவது அவரில்லையே!