சிறுநீரகம் பழுதுற்றோரின் உணவு
நோயாளியைக் காணச் செல்வோர் இளநீரும் பேரீச்சம்பழமும் வாங்கிச் செல்வது நம்மவர் வழக்கம். நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருக்கு இந்த அன்பளிப்பே ஆபத்தாகிவிடக்கூடும். ஒரு குவளை இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. நலமான சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதுற்றதோ இரத்தத்தில் தேங்கவிடும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடலாம்.

ஆகவே, இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தவர்கள் காய்கறிகளைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு உண்பது நன்று. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டா. 'சோடியம் குறைந்த உப்பு' எனக் கடைகளில் கிடைப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். அதில் கலந்திருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடே!

புரத விஷயத்தில்தான் குழப்பம் மிகுதி. டயாலிசிஸ் எனும் இரத்தச் சுத்திகரிப்பு தொடங்குமுன் இறைச்சியைக் குறைக்கச் சொன்ன மருத்துவரே, தொடங்கியபின் புரதத்தைக் கூட்டச் சொல்வார். இது முரண்பாடன்று. சுத்திகரிப்பின்போது புரதச் சத்தும் சிறிது வெளியேறிவிடுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு அப்போது நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. முட்டையின் வெள்ளைக்கரு இதற்கு ஏற்றது. பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் உடல் மெலிந்துவிடும்.

ரமளானில் நோன்பு நோற்கலாமா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். நோயாளிக்குத் திருமறையே (2:184) சலுகை அளித்திருக்கிறது.