தூங்க விடாத துடிப்பு

கண் சிமிட்டல், தொண்டைக் கனைப்பு, தோள் வெட்டு: குழந்தை இதை வேண்டுமென்று செய்வதில்லை. இரவில் அதை அடக்கச் சொல்வதைவிடக் கடினமான வேலை ஒன்று பெற்றோருக்குக் காத்திருக்கிறது. கண்டுகொள்ளாமல் இருப்பது.

பகலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்கூல், ஹோம்வொர்க், தெரு விளையாட்டு என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பையன் கண்ணை இறுக்கி மூடித் திறந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? விளக்கை அணைத்து வீடு அடங்கிய பிறகுதான் விவகாரம் பெரிதாகிறது. பாயில் படுத்திருக்கும் குழந்தையின் தோள் வெட்டென்று தூக்கிப் போடுகிறது. தொண்டையைக் கனைக்கிறான். அரை நிமிடம் அமைதி. மறுபடி கனைப்பு. அதே அறையில் அப்பா, அம்மா, பாட்டி, தங்கை. "சும்மா படுடா" என்று முதலில் அம்மா. பிறகு அப்பா, கொஞ்சம் உரக்க. மூன்றாவது முறை முதுகில் ஒரு அடி. அடி விழுந்ததும் கனைப்பு இன்னும் கூடுகிறது. மும்பையின் ஒற்றை அறை வீடானாலும் டெல்லியின் அரசுக் குடியிருப்பானாலும், இப்படி ஒரு குழந்தை இருக்கும் வீட்டில் இரவுக் காட்சி ஏறக்குறைய இதுதான்.

மருத்துவம் இதை 'டிக்' என்கிறது. திடீரென்று, ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது ஒலி. சிமிட்டுவது, மூக்கை உறிஞ்சுவது, தலையை வெட்டுவது, கனைப்பது, சிறு கீச்சொலி எழுப்புவது எல்லாம் இதில் அடக்கம். தமிழில் இதற்கென்று பழகிய ஒற்றைச் சொல் கிடையாது. அதனாலோ என்னவோ 'கெட்ட பழக்கம்' என்ற சொல்லே எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. பாரிசின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜில் டி லா டூரெட் 1885ல் 9 நோயாளிகளை விவரித்து எழுதினார். பல அசைவுகளும் குறைந்தது ஒரு ஒலியும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் அது அவர் பெயராலேயே 'டூரெட்' எனப்படுகிறது. 2018ல் வந்த ஹிந்திப் படம் 'ஹிச்கி'யில் ராணி முகர்ஜி நடித்த ஆசிரியைக்கு இருந்தது அதுதான். அந்த அளவுக்குப் போவது சிலருக்கு மட்டுமே. பள்ளி வயதில் ஐந்தில் ஒரு குழந்தைக்கு ஏதோ ஒரு கட்டத்தில் டிக் வந்து போகலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம்.

ஆனால் நம் வீடுகளில் பெயர் தெரிவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. சிமிட்டலுக்குக் கண் சொட்டு மருந்து. கனைப்புக்கு இருமல் மருந்து. எதற்கும் இருக்கட்டும் என்று பூச்சி மருந்து. கடைசியாக மந்திரித்த கயிறு. கயிற்றால் கெடுதல் இல்லை. இருமல் மருந்து கதை வேறு. குடித்தால் குழந்தை சீக்கிரம் தூங்கிவிடுகிறது என்பதற்காகவே இரவில் அதைக் கொடுக்கும் வீடுகள் உண்டு. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் எச்சரித்தது. எந்த வயதானாலும் அது டிக்குக்கான மருந்தும் அல்ல, தூக்க மருந்தும் அல்ல.

படுக்கையில் ஏன் இந்த ஆர்ப்பாட்டம்? மனம் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது டிக் குறையும். களைப்பிலும் பதற்றத்திலும், ஏன் மகிழ்ச்சியான பரபரப்பிலும்கூட அதிகமாகும். இருட்டில் ஒரு குழந்தைக்குச் செய்ய எதுவுமில்லை. உடல் களைத்திருக்கிறது. போதாதற்கு நான்கு பெரியவர்கள் அடுத்த கனைப்புக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். டிக்கைப் பற்றிப் பேசினாலே டிக் அதிகமாகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'பண்ணாதே' என்பதும் அதைப் பற்றிய பேச்சுதான். பெரிய பிள்ளைகள், டிக் வருவதற்கு முன் தும்மல் வருவது போல ஒரு உந்துதல் தெரிகிறது என்பார்கள். ஐந்து ஆறு வயதில் அது பெரும்பாலும் பிடிபடாது. எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை நிறுத்தச் சொன்னால் குழந்தை என்ன செய்யும்?

தூங்கிய பின் டிக் வெகுவாகக் குறைந்துவிடும். முழுவதும் நின்றுவிடும் என்று முன்பு நினைத்தார்கள். இரவு முழுக்க மூளை அலைகளையும் அசைவுகளையும் பதிவு செய்து பார்த்ததில் சில தூக்கத்திலும் எஞ்சியிருப்பது தெரிந்தது. ஆக, பெற்றோர் கடந்தாக வேண்டியது படுப்பதற்கும் தூங்குவதற்கும் இடைப்பட்ட அந்த நேரம்தான். அதைச் சுருக்குவதுதான் வழி.

இங்கேதான் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். தூக்கம் வர நேரமாகிறதே என்று குழந்தையை இன்னும் சீக்கிரமாகப் படுக்க வைக்கிறார்கள். ஒன்பதுக்குப் படுத்துப் பத்தரைக்குத் தூங்கும் பையனை எட்டரைக்கே படுக்க வைத்தால் அவன் அரை மணி நேரம் கூடுதலாகக் கனைப்பான், அவ்வளவுதான். தூக்க நிபுணர்கள் சொல்லும் வழி வேறு. முதலில் அவன் நிஜமாகத் தூங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாக, பத்தே காலுக்குப் படுக்க விடுங்கள். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் மாறக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை உட்பட. படுத்த சிறிது நேரத்தில் தூங்கப் பழகியதும், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் சில நாட்கள் தூக்கம் குறையும், சிடுசிடுப்பான். ஆறு வயதுக்கு மேல் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை, மூன்று முதல் ஐந்து வயதுக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் டிவியும் செல்போனும் கூடாது என்று எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். வீட்டில் இருப்பதே ஒரு அறை, அதில் ஒரு டிவி, பாட்டிக்கு ஒன்பது மணி சீரியல் என்றால் இந்த அறிவுரை அத்தனை சுலபமில்லை. யாராவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், அது குழந்தையாக இருக்க முடியாது. டிவி பார்க்கும்போது டிக் அதிகமாவதைப் பல பெற்றோர் கவனித்திருக்கிறார்கள் என்பது பாட்டியிடம் சொல்ல ஒரு நல்ல காரணம். டியூஷனும் ஹோம்வொர்க்கும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடட்டும். மாலையில் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாட வேண்டும். மதியத்துக்குப் பிறகு காபி, டீ, கோலா வேண்டாம். 'அரை டம்ளர்தானே' என்று காபி கொடுத்துப் பழக்கும் தமிழ் வீடுகளுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

பிறகு தினமும் ஒரே வரிசை: முகம் கை கால் கழுவுதல், பல் தேய்த்தல், பாய், விளக்கு, கதை. உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துவிடுவது டிக்கைக் குணப்படுத்தாது. ஆனால் தொடுகை குழந்தையை அமைதிப்படுத்தும், கவனத்தைத் தோளிலிருந்து காலுக்கு இறக்கும். கதையை இருட்டில் வாயால் சொல்வது நல்லது, ஏற்கெனவே கேட்ட கதையாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்து என்ன என்ற பரபரப்பு இருக்காது. சூடான பாலை ஊதுவது போல மெதுவாக, நீளமாக மூச்சு விடச் சொல்லலாம். நான்கு வயதுக் குழந்தைக்கும் இது புரியும். சொல்பவர் பக்கத்தில் படுத்துக் கூரையைப் பார்த்தபடி சொல்லட்டும். குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்காணிப்பாகிவிடும்.

சின்னச் சின்ன ஏற்பாடுகளும் உண்டு. தலையை வெட்டும் குழந்தையைச் சுவரோரம் படுக்க வைக்காதீர்கள், இடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் படுத்து ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டால் சிலருக்குத் தோள் அடங்குகிறது. கனமான போர்வையைச் சிறு குழந்தை மீது போட வேண்டாம், மூச்சுக்கு ஆபத்து. மின்விசிறி நம் வீடுகளின் அறியப்படாத உதவியாளர். அதன் இரைச்சலில் பாதிக் கனைப்பு யார் காதிலும் விழாது. தங்கைக்கு மட்டும் ஒருமுறை, பகலில், சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள்: அண்ணனுக்குத் தும்மல் மாதிரி அது வரும், போகும்.

இத்தனைக்குப் பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் குற்றவாளி டிக்காக இல்லாமல் இருக்கலாம். டூரெட் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டி இருக்கிறது. பலருக்குப் பதற்றமும், கதவைப் பூட்டியாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் எண்ணச் சுழற்சியும் சேர்ந்து வரும். தூக்கத்தைத் தள்ளிப்போடுவதில் இவற்றின் பங்கு பெரிது. இந்தியாவில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று இரும்புச்சத்து. படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல, ஆட்டினால்தான் சரியாகும் போல ஒரு தொல்லை உண்டு. இரும்புச்சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 'கால் என்னமோ பண்ணுது' என்று குழந்தை சொன்னால் ஃபெர்ரிடின் ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகவே இரும்பு டானிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். உரத்த குறட்டை விட்டால் மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியையும் பார்க்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து வெட்டி இழுத்து, எச்சில் வழிந்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் போனால் அது வலிப்பாக இருக்கலாம். தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வந்து போன சில வாரங்களில், ஒரே மாதிரி இல்லாமல் கை கால்கள் நெளிந்து, பென்சில் நழுவி, பேச்சு குழறினால் அது ருமாட்டிக் காய்ச்சலின் பின்விளைவான 'கொரியா'வாக இருக்கலாம். பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்ட இது நம்மிடம் இன்னும் இருக்கிறது. இதயத்தையும் பரிசோதிக்க வேண்டிவரும். எதுவாக இருந்தாலும் செல்போனில் ஒருமுறை, குழந்தைக்குத் தெரியாமல், படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது ஒரு டிக்கும் வராது, அதுதான் அதன் குணம். எடுத்ததை உறவினர்களுக்கு அனுப்பாதீர்கள்.

மருந்து பெரும்பாலான சிறு குழந்தைகளுக்குத் தேவைப்படுவதில்லை. அமெரிக்க நரம்பியல் அகாடமி 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், டிக் வாழ்க்கையைப் பாதிக்காதபோது காத்திருந்து கவனிப்பதே போதும் என்றது. பாதித்தால் மருந்துக்கு முன் நடத்தைப் பயிற்சி. கனைப்பு வரும்போது மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுவது போல, டிக்கோடு சேர்ந்து செய்ய முடியாத ஒரு செயலைப் பழக்குவது அது. 2010ல் 9 முதல் 17 வயதுள்ள 126 பேரிடம் 10 வாரம் சோதித்ததில், பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தேறினார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. அதைவிடச் சிறியவர்களுக்கு இதை எளிமையாக்கித் தருகிறார்கள். ஆனால் பயிற்சி தரத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் குறைவு.

மருந்து தேவைப்பட்டால் டாக்டர் குளோனிடின் தரக்கூடும். அது டிக்கையும் குறைக்கும், தூக்கத்தையும் வரவழைக்கும், ரத்த அழுத்தத்தையும் இறக்கும். தேறிவிட்டான் என்று ஒரே நாளில் நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். ஏடிஎச்டிக்கான மெத்தில்பெனிடேட் டிக்கை அதிகமாக்கும் என்ற பழைய பயத்துக்கு 2002ல் 136 குழந்தைகளிடம் நடந்த சோதனை ஆதாரம் தரவில்லை. ஆனால் மாலையில் தாமதமாகக் கொடுத்தால் தூக்கம் கெடும். மெலடோனின் மிட்டாய்களைக் கடையில் பார்த்து வாங்குவது சரியல்ல. அமெரிக்காவில் 2023ல் 25 மிட்டாய் வகைகளைச் சோதித்ததில் 22ல் உள்ளே இருந்த அளவும் லேபிளில் இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை.

எங்கே காட்டுவது? முதலில் குழந்தை நல மருத்துவர். அரசின் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் 2013 முதல் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பெங்களூர் நிம்ஹான்ஸில் குழந்தைகளுக்கென்று தனி மனநலத் துறை இருக்கிறது. 2022ல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416, தமிழிலும் பேசலாம். டிக் பொதுவாக 10 முதல் 12 வயதில் உச்சத்தை எட்டும், பிறகு இறங்கும் என்பதையும் டாக்டர் சொல்வார். யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லெக்மன் குழு 1998ல் வெளியிட்ட ஆய்வில், 18 வயதை எட்டியபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிக் இல்லை என்ற நிலை இருந்தது.

அதுவரை லீவுக்கு ஊருக்கும் போய்வர வேண்டும். டெல்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாள் ரயில், அதன் பிறகு பஸ், பிறகு தாத்தா வீடு நிறைய ஆட்கள். டிக் அதிகமாகத்தான் செய்யும். வழக்கமான போர்வையையும் தலையணையையும் கையோடு கொண்டுபோங்கள். எதிர் பெர்த்காரர் உற்றுப் பார்த்தால் "அவனுக்கு அப்படி வரும், ஒன்றுமில்லை" என்று பையன் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். ஊரில் முதல் இரண்டு மூன்று இரவுகள் கொஞ்சம் மோசமாக இருக்கும். காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுப்புங்கள், பாட்டி எவ்வளவு தடுத்தாலும்.