தொண்டும் ஒரு கல்வியே

பிறர் துயர் கண்டால் உதவ முற்படுவது மனித இயல்பு. அந்த இயல்புக்குப் பட்டம் எதற்கு, பல்கலைக்கழகம் எதற்கு என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. வீட்டுப் பிள்ளை சமூகப்பணி படிக்க விரும்புவதாகச் சொன்னால், "தொண்டு செய்யப் படிப்பு வேண்டுமா? படித்தாலும் வேலை கிடைக்குமா?" என்ற இரு வினாக்கள் ஒருங்கே எழுகின்றன. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கு இரண்டாவது வினா அற்பமானதன்று. ஆகவே இரண்டையும் இங்கே ஆராய்வோம்.

குஜராத்திலுள்ள பரோடாவை, இன்றைய வடோதராவை, எடுத்துக்கொள்வோம். இந்நகருடன் தமிழகத்துக்குள்ள உறவு புதிதன்று. 1880-ல் தஞ்சை அரச குடும்பத்துப் பெண் மூன்றாம் சயாஜிராவ் மன்னருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, தஞ்சையின் ஆடற்கலைஞர்களும் உடன் வந்தனர். அம்மன்னரே 1906-ல் தம் சமஸ்தானம் முழுவதிலும் கட்டாயத் தொடக்கக் கல்வியை நிலைநாட்டியவர். அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம் 1949-ல் தோன்றியது. அதன் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா அம்மையார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தில், ஆடவரை மட்டும் குறிப்பதாகக் கொள்ளத்தக்க சொல்லை நீக்கி, மனிதர் அனைவரையும் குறிக்கும் சொல்லை அமைக்கச் செய்தவர் அவர். அத்தகையோர் தலைமையில் தொடங்கிய பல்கலைக்கழகம், சமூகப்பணிக்குத் தனிப் புலம் ஒன்றை ஆரம்ப நாட்களிலேயே அமைத்ததில் வியப்பில்லை.

இக்கல்வி நம் நாட்டுக்கு வந்தது 1936-ல். பம்பாயில் டாட்டா அறக்கட்டளையின் ஆதரவுடன் முதற்பள்ளி எழுந்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-ல் ஒரு பள்ளி உண்டாயிற்று. இதனிடையே 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐந்நூறு தொழிலாளர்களுக்குக் குறையாத ஆலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என விதித்தது. தருமமாக நடந்துவந்த காரியம் சட்டத்தால் உத்தியோகமாயிற்று. உத்தியோகத்துக்குப் பயிற்சி தேவைப்பட்டது.

அப்பயிற்சியில் என்ன இருக்கிறது? முதுகலைப் படிப்பு இரண்டாண்டு. தனிமனிதருடன் பணியாற்றுதல், குழுவுடன் பணியாற்றுதல், ஊர்ச் சமுதாயத்தை ஒன்றுதிரட்டுதல் ஆகிய மூன்றும் அதன் அடிப்படை. உளவியல், சமூகவியல், சட்டம், ஆய்வுமுறை ஆகியனவும் உண்டு. ஆயினும் இதன் உயிர்நாடி களப்பணியே. வாரத்தில் சில நாட்கள் மாணவர் மருத்துவமனைக்கோ, குடிசைப் பகுதிக்கோ, சிறுவர் இல்லத்துக்கோ செல்லவேண்டும். கண்டதையும் செய்ததையும் குறிப்பாக எழுதி, ஆசிரியர் முன் வைத்து விவாதிக்கவேண்டும்.

இரக்கத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையை ஓர் உதாரணத்தால் உணரலாம். காசநோயாளி ஒருவர் இரண்டு மாதம் மருந்துண்டு, இருமல் நின்றதும் வருவதை நிறுத்திவிடுகிறார் என்று கொள்வோம். சாதாரணக் காசநோய்க்கும் பொதுவாக ஆறு மாத மருந்து வேண்டும். இடையில் விட்டால் நோய் மீளும், மருந்துக்கு அடங்காததாகவும் ஆகலாம். இரக்கமுள்ளவர் அவருக்குப் பழம் வாங்கித் தருவார், கண்டிப்புள்ளவர் கடிந்துகொள்வார். பயின்றவரோ அவர் வீட்டுக்குச் சென்று, ஏன் வரவில்லை என்று பொறுமையாகக் கேட்பார். மருந்து வாங்க ஒருநாள் கூலி போகிறது என்பது அப்போது தெரியவரும். எனில், வேலை கெடாத நேரத்தில் மருந்து பெற வழி தேடுவார். நோயாளியின் உணவுக்காக அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் வழங்கிவருவதை எடுத்துச் சொல்லி, வங்கிக் கணக்குத் திறக்கவும் துணைநிற்பார். கொடுத்து அனுப்புவது ஒருவேளைத் தொண்டு. பெறவேண்டியதைத் தாமே பெறும்படி ஒருவரை நிமிர்த்தி வைப்பது தேர்ந்த தொண்டு. இரண்டாவது, கற்றுக்கொள்ளவேண்டியதொன்று.

இனி வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வோம். தொடக்கச் சம்பளம் பொறியியல் பட்டதாரியின் சம்பளத்துக்கு ஈடாகாதிருக்கலாம். தொண்டு நிறுவனப் பணிகள் பல ஒப்பந்தப் பணிகளே. திட்டம் முடிந்தால் பணியும் முடியும். இவற்றை அறியாமல் பிள்ளையைச் சேர்ப்பது தவறு. எனினும் வாசல்கள் குறுகிவிடவில்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட விதித்தது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் பயின்றோரின் தேவையை மிகுவித்தன. மனநலத் துறையை நாடுவோர் முதுகலைக்குப் பின்னும் சிறப்புப் பயிற்சி பெறவேண்டும். பிற பட்டம் பெற்றோரும் முதுகலையில் சேர இடமுண்டு. விதிகள் மாறக்கூடியவை ஆதலால், அவ்வாண்டு அறிவிப்பைப் பல்கலைக்கழகத்திலேயே கேட்டறிதல் நலம்.

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு தேவையும் உண்டு. வகுப்பறையில் ஆங்கிலம் கைகொடுக்கலாம்; குடிசை வாசலில் கைகொடாது. பரோடாவில் பயில்வோர் குஜராத்தியைப் பேச மட்டுமன்றி, மனுவைப் படித்துச் சொல்லும் அளவுக்கேனும் கற்கவேண்டும். இது தடையெனத் தோன்றலாம். ஆனால், மருத்துவமனைச் சீட்டு எழுதுமிடத்தில் மொழி தெரியாமல் விழித்து நின்ற அனுபவம் நம்மில் முதலில் வந்தோருக்குப் புதிதன்று. அன்று யாரோ ஒருவர் அருகில் வந்து, "என்ன வேண்டும்?" என்று கேட்டதனால் நம் காரியம் நடந்தது. அந்த நிலையை வீட்டுக் கதையாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பிறர் திகைப்பு புத்தகம் சொல்லாமலே விளங்கும்.

வந்த ஊரில் வாடகைக்கு இருப்போராகவே நாம் காலம் கழிக்கவேண்டுமா? உழைத்தோம், வீடு கட்டினோம், கோயில் எழுப்பினோம், சங்கம் வைத்தோம். நமக்கு இடம் தந்த நகரத்தின் துயரிலும் பங்கு கொள்ளும் நாளிலேதான் அது நம் ஊர் ஆகிறது. ஆதலின், மகளோ மகனோ இப்படிப்பை நாடினால், உடனே மறுத்துவிடாதீர்கள். சம்பளத்தைக் கேளுங்கள், பாதுகாப்பைக் கேளுங்கள், களப்பணி நடக்கும் இடத்தை ஒருநாள் உடன் சென்று பாருங்கள். பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.