உழைப்பின் சுவடுகள்: யிரி திரின்காவின் ‘கை’ என்னும் பொம்மைத் திரைப்படம் பற்றிய சில சிந்தனைகள்

கணினியின் துணைகொண்டு எவ்வகை அசைவையும் திரையில் உருவாக்கத்தக்க இக்காலத்திலும், பொம்மைகளைக் கையாற் சிறிது சிறிதாக நகர்த்திப் பதிவுசெய்யப்படும் குறும்படங்கள் தம் ஈர்ப்பினை இழக்கவில்லை. பழைமை மீதான ஏக்கமே இதற்குக் காரணம் எனக் கூறுவாருளர். அவ்வாறாயின், அப்பழைமையை அறியாத இளந் தலைமுறையினரும் இவற்றை விரும்பி நோக்குவதேன்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு இக்கலையின் உற்பத்தி முறையினையே முதலில் நோக்குதல் வேண்டும்.

ஒலித் திரைப்படத்தில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. 18 நிமிடப் படமொன்றுக்கு 25,920 சட்டகங்கள் வேண்டும். பொம்மையின் ஒவ்வொரு நிலையினையும் இரு சட்டகங்களிற் பதிவுசெய்தாலும், ஏறத்தாழ 13,000 தடவைகள் கலைஞரின் கை பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை விலகிய பின்னரே கமரா இயங்கும். அசைவு எஞ்சுகிறது, அசைத்த கை மறைந்துவிடுகிறது.

பண்டத்தினுள் அதனை ஆக்கிய மனித உழைப்பு மறைந்துவிடுவதை மார்க்ஸ் 1867இல் வெளியான ‘மூலதன’த்தின் முதற் பாகத்தில் விளக்கினார். பொம்மைப்படத்திலும் உழைப்பு மறைக்கப்படுகிறது. ஆயினும் முற்றாக மறைவதில்லை. துணியின் மடிப்பு சட்டகத்துக்குச் சட்டகம் துடிக்கிறது. களிமண்ணில் விரற்பதிவு தெரிகிறது. அசைவிலே சிறு தடுமாற்றம் தங்கிவிடுகிறது. மெய்யான மரத்தின் மீதும் துணியின் மீதும் மெய்யான ஒளி விழுகிறது. உழைப்பின் சுவட்டினைப் பார்வையாளன் தன் கண்ணாற் காண்கிறான். தன் அன்றாட வாழ்விற் பண்டங்களிடையே அவனுக்கு மறுக்கப்படும் அனுபவம் இது. இக்கலையின் நிலைத்த ஈர்ப்புக்கு அடிப்படை இதுவே என்பது நமது கருத்தாகும்.

இக்கருத்தினைச் செக்கோஸ்லவாக்கியக் கலைஞர் யிரி திரின்காவின் (1912–1969) ஆக்கங்கள் தெளிவுபடுத்துகின்றன. அவரது கலைக்கு இரு வரலாற்றுப் பின்னணிகள் உள. ஒன்று, செக் மக்களின் பாவைக்கூத்து மரபு. ஹப்ஸ்பேர்க் ஆட்சியில் ஜேர்மன் மொழி மேலாதிக்கம் பெற்றிருந்த காலத்தில், ஊர் ஊராகச் சென்ற பாவைக்கூத்தர்கள் செக் மொழியிலே கூத்து நிகழ்த்தினர். பில்சன் நகரிற் பிறந்த திரின்கா, அந்நகரின் புகழ்பெற்ற பாவைக் கலைஞரான யோசப் ஸ்கூபாவிடம் பயின்றவர். மற்றையது, 1945இல் அந்நாட்டின் திரைப்படத்துறை அரசுடைமையாக்கப்பட்டமை. சந்தையின் நெருக்கடி நீங்கியமையாலேயே பெரும் பொழுதும் பொறுமையும் வேண்டிய இக்கலை அங்கு செழித்தது. 1959இல் வெளிவந்த ‘நடுவேனிற் கனவு’ போன்ற முழுநீளப் பொம்மைப்படங்களும் அச்சூழலிலேயே தோன்றின. திரின்காவின் பொம்மைகளின் முகபாவம் மாறுவதில்லை. ஒளியும் கமராக் கோணமும் உடலின் சாய்வுமே உணர்வைப் புலப்படுத்துகின்றன.

1965இல் அவர் ஆக்கிய இறுதிப் படமான ‘கை’ 18 நிமிடங்கள் கொண்டது. கோமாளி உடையணிந்த குயவன் ஒருவன் தன் பூச்செடிக்குச் சட்டி வனைந்து வாழ்கிறான். பெருங் கையொன்று அவன் அறையினுட் புகுந்து, தன் உருவத்தையே வனையுமாறு பணிக்கிறது. அவன் மறுக்கிறான். கை இச்சை காட்டுகிறது, பின்னர் அச்சுறுத்துகிறது. ஈற்றிற் பொற்கூண்டில் அடைக்கப்பட்டு, நூல்களால் இயக்கப்பட்டு, அவன் கையின் சிலையைச் செதுக்குகிறான். தப்பி வந்து தன் அறையை அடைத்துக்கொள்பவன் தலையில் அவனது பூச்சட்டியே விழ, இறக்கிறான். அவனைக் கொன்றொழித்த கையே அரச மரியாதையுடன் அவனை அடக்கஞ் செய்கிறது.

ஏனைய பொம்மைப்படங்களில் மறைந்து நிற்கும் கை இங்கு மெய்யான மனிதக் கையாகவே திரையில் தோன்றுகிறது. பொம்மைக்கு உயிர் கொடுப்பதும் கை; அதனை அடிமைப்படுத்துவதும் கை. வனையும் கைக்கும் ஆணையிடும் கைக்குமிடையிலான முரண்பாடே படத்தின் பொருள்.

இப்படத்தைச் சோஷலிசத்துக்கு எதிரான பிரசாரமெனக் கொள்வது எளிது; அவ்வாறு கூறி ஒதுக்கிவிடுவதும் எளிது. இரண்டும் உண்மையினின்று விலகுவனவே. அரசுடைமைத் துறையின் வளமே இப்படத்தை இயலச் செய்தது; திரின்கா மறைந்த பின்னர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனைத் தன் மக்களிடமிருந்து மறைத்ததும் அவ்வரசே. உற்பத்திச் சாதனங்கள் அரசுடைமையாவது வேறு; உழைப்போர் தம் உழைப்பின் மீது உரிமை பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை மூடிமறைக்கும் திறனாய்வு, எப்பெயரால் நிகழ்த்தப்படினும் மார்க்சியத் திறனாய்வாகாது.

இன்று ‘கையால் ஆக்கியது’ என்பதே சந்தையில் விலையேற்றும் முத்திரையாகி வருகிறது. எனவே கைவினையைப் போற்றுவது மட்டும் போதாது. அக்கை யாருடையது, யாருக்காக உழைக்கிறது, மறுக்கும் உரிமை அதற்கு உண்டா என்னும் வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். திரின்காவின் குயவன் ஒரு சொல்லும் பேசாது இவ்வினாக்களை எழுப்புகிறான். அவை தீராதவரை அப்படமும் பழையதாகப் போவதில்லை.